அடுத்தவரைத் திடுக்கிட வைக்காமல் ஓட்டுவது

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: “வயது 36. லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன். சென்னைக்குள் ஓரளவு ஓட்டுகிறேன். ஆனால் பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது. பொங்கலுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு மேலூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் காரிலேயே போகலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்பாகவும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமலும் ஓட்ட என்ன தெரிந்திருக்க வேண்டும்?”

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். நீங்கள் போகப்போகும் சாலையில் எத்தனை முறை போய் வந்தேன் என்று கணக்கில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நாமக்கல்லில் லாரி ஓட்டிய என் மாமா. முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது ஒரே வரி: “மாப்ள, ரோட்டுல யாருக்கும் சஸ்பென்ஸ் வைக்காத.” நீங்கள் கேட்ட பாதுகாப்பு, இடைஞ்சல் இல்லாமை இரண்டுமே இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்னால், பின்னால், பக்கத்தில் வருபவருக்கு மூன்று விநாடி முன்பே தெரிந்துவிட்டால் பெரும்பாலான விபத்து நடக்க வாய்ப்பே இல்லை.

இதில் நல்ல மனசுக்காரர்கள்தான் முதலில் தவறு செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையில் ஒரு பாட்டி கடக்க முடியாமல் சென்டர் மீடியன் ஓரத்தில் நின்றார். நான் வலது லேனில் வந்துகொண்டிருந்தேன். பாவமாக இருந்தது. பிரேக் போட்டு நின்று, “போங்க பாட்டி” என்று கை காட்டினேன். அவர் என் காருக்கு முன்னால் நடந்து இடது பக்கம் எட்டிவைத்த நொடியில், அடுத்த லேனில் ஒரு வேன் சீறிக்கொண்டு வந்தது. அவரை என் கார் மறைத்துவிட்டது. வேன்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு எதுவும் தெரியவில்லை. பாட்டி அரை அடியில் தப்பினார். அன்றைக்கு நான் காட்டிய மரியாதை ஓர் உயிரை வாங்கியிருக்கும். ஜீப்ரா கோட்டில் ஆள் காலை வைத்துவிட்டால் நிற்க வேண்டியது நம் கடமை, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பல லேன் சாலையின் நடுவில், பின்னால் வருபவர்களுக்குச் சொல்லாமல் நின்று கை காட்டாதீர்கள். தூரத்திலேயே கண்ணில் பட்டால் கண்ணாடியைப் பார்த்து, மெல்ல வேகத்தைக் குறைத்து, பின்னால் வருபவரும் குறைக்கிறார் என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். கை மட்டும் காட்ட வேண்டாம். அவர் தன் கண்ணால் பார்த்துக் கடக்கட்டும்.

இப்போது ஹாரன். நம் ஊரில் ஹாரன் என்பது பாதி நேரம் வசவு இல்லை, “நான் இங்கே இருக்கிறேன்” என்ற அறிவிப்புதான். லாரிக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஹாரன் கேட்டதும் நீங்கள் செய்ய வேண்டியது கண்ணாடியைப் பார்ப்பது, வண்டியை அதே கோட்டில் அதே வேகத்தில் வைத்திருப்பது. பதறி இடது பக்கம் ஒடிக்கும்போதுதான் அங்கே வரும் ஸ்கூட்டர்காரர் மாட்டுகிறார். பின்னால் வருபவர் முட்டிக்கொண்டே இருந்தால் அவரை முன்னால் அனுப்பிவிடுங்கள். இண்டிகேட்டர் போட்டு, இடம் கிடைத்ததும் இடது லேனுக்கு மாறினால் முடிந்தது கதை. அவர் போய் எதையாவது சாதிக்கட்டும். நீங்கள் ஹாரன் அடிப்பதானால் சின்னதாக, முன்கூட்டியே, ஒரே ஒரு முறை. பைக்காரர் தோளுக்குப் பக்கத்தில் போய் அலறவிட்டால் அவர் திடுக்கிட்டுத் தடுமாறுவார். சிக்னலில் பச்சை விழுந்த அரை நொடியில் அடிப்பதும் மருத்துவமனை, பள்ளிக்கூடத்துக்கு அருகில் அடிப்பதும் வேண்டாம். அது சட்டத்துக்கும் ஆகாது.

விளக்கு மொழியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எட்டு போட வைப்பதோடு சரி. எதிரே வரும் வண்டி ஹெட்லைட்டை மினுக்கினால் நம் சாலையில் அதற்கு அர்த்தம் “நான் வருகிறேன், நீ நில்.” வெளிநாட்டில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் “நீங்கள் போங்கள்” என்று விட்டுக்கொடுப்பதாக நினைத்து வண்டியைத் திருப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் பல பேர் அந்த அர்த்தத்தில்தான் மினுக்குவார்கள். இங்கே அப்படி நம்பினால் ஆபத்து. அடுத்தது, முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுவது. ஒரு டிரைவர் “எதிரே வண்டி வருகிறது, ஓவர்டேக் பண்ணாதே” என்று போடுவார். இன்னொருவர் “தாராளமாகப் போ” என்று போடுவார். மூன்றாமவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போகிறார். மூன்றுக்கும் ஒரே விளக்கு. அதனால் மேலூரில் இறங்கி உங்கள் ஊருக்குப் போகும் இருவழிச் சாலையில் லாரிக்காரர் சிக்னலை வைத்து ஓவர்டேக் செய்யாதீர்கள். எதிர்ப்பக்கம் காலி என்று உங்கள் கண் சொல்ல வேண்டும். வளைவிலும் மேட்டிலும் பாலத்திலும் கண் அப்படிச் சொல்லாது, ஆகவே அங்கே ஓவர்டேக் கிடையாது.

நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்டு லைட் இன்னொரு குழப்பம். நால்ரோட்டில் நேராகப் போகிறேன் என்று காட்ட அதைப் போடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். இடதுபக்க ரோட்டில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் இடது பக்கம்தான் தெரியும். அவர் பார்வையில் நீங்கள் இடதுபக்கம் திரும்பப் போகிறீர்கள். அவர் வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போக எந்த விளக்கும் தேவையில்லை. மழையில் ஓடும்போது அதைப் போட்டாலும் அதே தொல்லைதான். லேன் மாறும்போது இண்டிகேட்டர் வேலை செய்யாது, நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்றும் தெரியாது. மழைக்கு ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் போதும். ஹசார்டு லைட் நின்றுபோன வண்டிக்கு. நெடுஞ்சாலையில் முன்னால் எல்லா வண்டியும் திடீரென்று நின்றுவிட்டால் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையாகச் சில விநாடி போடலாம். நான் போடுவேன்.

சரி, நெடுஞ்சாலைக்கு வருவோம். தாம்பரம் தாண்டி, பரனூர், திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி வழியாக மேலூர் வரை எல்லாம் மீடியன் போட்ட சாலைதான். இந்த மாதிரிச் சாலையில் காருக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஊர்கள் குறுக்கிடும் இடங்களில் பலகை அதைவிடக் குறைவாகச் சொல்லும். 100 என்பது உச்சவரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆபத்தைப் பார்த்து மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ல் போகும் கார் அந்த நேரத்தில் 33 மீட்டர் ஓடிவிடும், பிறகு நல்ல டயர், காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குள் நிற்கும். அதே இடத்தில் அதே ஆபத்தைப் பார்த்து அதே மாதிரி பிரேக் போடும் 100 கிலோமீட்டர் வேகக் கார், 80-காரர் நின்றுவிட்ட இடத்தைக் கடக்கும்போது இன்னும் 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்கு இதுதான் விலை. முதல் பயணம், கூடவே குடும்பம். உங்களுக்கு நான் சொல்லும் வேகம் 80, மிஞ்சினால் 90. சென்னையிலிருந்து மேலூர் சுமார் 430 கிலோமீட்டர். 100-க்குப் பதில் 90-ல் போனால் முழுத் தூரத்துக்கும் அரை மணி நேரம்கூட வித்தியாசம் வராது. விக்கிரவாண்டியில் ஒரு காபி குடிக்கும் நேரம்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மீட்டரில் யோசிக்க வேண்டாம். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ விளக்குக் கம்பத்தையோ தாண்டும்போது மனசுக்குள் “ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு” என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். மழையென்றால் ஆறு வரை எண்ணுங்கள். இந்த இடைவெளியில் யாராவது வந்து நுழைவார்கள். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பேர் நுழைந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஐந்து நிமிடம்.

சட்டப்படி வலது லேன் முந்துவதற்கு, மெதுவாகப் போகும் கனரக வண்டிகள் இடதுபக்கம். நடப்பில் லாரிகள் எல்லாம் வலது லேனில் 50-ல் நகர்ந்துகொண்டிருக்கும். எரிச்சல் வரும். மாமாவிடம் ஒருமுறை சண்டையே போட்டேன். அவர் சொன்ன காரணம்: இடது லேனில்தான் பைக், சைக்கிள், நின்றுபோன வண்டி, எதிர்த்திசையில் வரும் டிராக்டர் எல்லாம் இருக்கிறது, 25 டன் பாரத்தோடு அதற்கெல்லாம் பிரேக் போட்டுப் போட்டு ஓட்ட முடியாது. அது நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் தெரிந்தால் கோபம் குறையும். லாரிக்குப் பின்னால் தூரத்தில் இருந்தே ஒரு சின்ன ஹாரன், ஒரு முறை லைட்டை மினுக்குங்கள். சிலர் ஒதுங்குவார்கள். ஒதுங்காவிட்டால் வேறு வழியில்லாமல் இடதுபக்கமாகத்தான் முந்த வேண்டியிருக்கும். அப்போது ஒட்டிப்போய் சட்டென்று ஒடிக்காதீர்கள். நூறு மீட்டர் முன்பே இடது லேனுக்கு வந்து, அந்த லேன் முன்னால் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். அந்த லாரி மறைத்த இடத்தில்தான் டயர் மாற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு லாரி நிற்கும். லாரியின் இடதுபக்கம் முன் சக்கரத்தை ஒட்டி நீங்கள் போகும்போது உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்களையும் அவர் பார்க்கவில்லை. அங்கே தங்காமல் கடந்துவிடுங்கள். கடந்தபின் லாரி முழுவதும் உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகே அதன் முன்னால் லேன் மாறுங்கள். அதற்கு முன்பே குறுக்கே புகுவதற்குக் ‘கட் அடிக்கிறது’ என்று ஒரு பெயர் இருக்கிறது. கார்காரர்கள் மேல் லாரிக்காரர்களுக்கு இருக்கும் முதல் கோபம் அதுதான்.

இந்தச் சாலைக்கே உரிய சில ஆபத்துகள் இருக்கின்றன. காலையில் வலது லேனில் தண்ணீர் டேங்கர் லாரி நகர்ந்துகொண்டே மீடியனில் இருக்கும் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும், ஆட்களும் நிற்பார்கள். மீடியன் இடைவெளி தூரமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் பைக்கில் ஓரமாக எதிர்த்திசையில் வருவார்கள். திட்டிப் பயனில்லை, இடதுபக்கம் ஓர் ஆள் அகலம் எப்போதும் விட்டு ஓட்டுங்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர்கள் வரும். இருட்டில் கரும்புக் கட்டின் நிறமும் இருட்டின் நிறமும் ஒன்றுதான். ஒருநாள் அதிகாலையில் அப்படி ஒன்றின் பின்னால் இருபது மீட்டருக்குள் போய்த்தான் பார்த்தேன். அன்றிலிருந்து இரவில் 80-ஐத் தாண்டுவதில்லை. தை மாதம் வேறு. பழனி பாதயாத்திரைக்காரர்கள் தைப்பூசத்துக்குச் சாரி சாரியாக இரவிலும் நடப்பார்கள். திருச்சிக்குத் தெற்கே நிச்சயம் பார்ப்பீர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஊருக்குள் திரும்பும் சின்ன ரோட்டில் கதிர் காயப்போட்டிருப்பார்கள். கொள்ளு, உளுந்துச் செடியை வண்டிச் சக்கரத்தில் மிதிபட்டு மணி உதிரட்டும் என்று ரோட்டிலேயே பரப்புவதும் உண்டு. அதன்மேல் பிரேக் பிடிக்காது, வழுக்கும். தட்டை காருக்கு அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீயே பிடிக்கலாம். சுற்றிப் போக இடமிருந்தால் சுற்றிப் போங்கள், இல்லாவிட்டால் மெதுவாகக் கடந்து, கொஞ்சதூரம் தள்ளி இறங்கிக் குனிந்து பாருங்கள். ஆடு ஒன்று குறுக்கே போனால் பின்னால் மீதி மந்தை இருக்கிறது. பந்து உருண்டு வந்தால் பின்னால் ஒரு குழந்தை. நின்றிருக்கும் டவுன் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து யாராவது ஓடிவருவார் என்று வைத்துக்கொண்டே தாண்டுங்கள். தெருவில் தேங்கிய மழைநீரில் வேகமாகப் போய் நடந்துபோகிறவர் வேட்டியில் அடிக்காதீர்கள். இது விபத்து இல்லை, ஆனால் மேலூர் பக்கம் அதற்கும் பஞ்சாயத்து உண்டு.

இரவு ஓட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து பத்து மணிக்குக் கிளம்பி விடிய ஊர் சேரலாம் என்ற திட்டத்தை முதலிலேயே கைவிடுங்கள். அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும், அனுபவமுள்ள டிரைவருக்கும் அப்படித்தான். கண் மூன்று விநாடி சொருகினால் 90-ல் போகும் கார் 75 மீட்டர் தானாக ஓடுகிறது. கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. கொட்டாவி அடுத்தடுத்து வந்தால், போன ஐந்து கிலோமீட்டர் எப்படிப் போனது என்று ஞாபகம் இல்லாவிட்டால், பெட்ரோல் பங்க்கிலோ ஹோட்டல் வாசலிலோ நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அம்மாவுக்கும் காலை நீட்ட வேண்டும்.

எப்படியும் திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்றால் ஹெட்லைட் விஷயம் ஒன்று. எதிரே வண்டி தெரிந்ததும் டிம் பண்ணுங்கள். முன்னால் போகிறவரின் கண்ணாடியிலும் உங்கள் ஹை பீம் அடிக்கும், அவருக்குப் பின்னால் போகும்போதும் டிம்மில்தான் இருக்க வேண்டும். எதிரே வருபவர் டிம் பண்ணவில்லை என்றால் ஒருமுறை மினுக்கிப் பாருங்கள். கேட்கவில்லையா, விட்டுவிடுங்கள். நீங்களும் ஹை பீம் போட்டுப் பழிவாங்கினால் ஒரே சாலையில் எதிரெதிரே இரண்டு குருடர்கள். வேகத்தைக் குறைத்து, அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடதுஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

பெல்ட். முன்னால் இருக்கும் இரண்டு பேரும் போட்டுக்கொள்வீர்கள் என்று தெரியும், நான் பேசுவது பின் சீட்டைப் பற்றி. 2022 செப்டம்பர் 4-ம் தேதி மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து ஞாபகம் இருக்கும். விலையுயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த கார். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. முன்னால் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். கார் நின்றாலும் பெல்ட் போடாத ஆள் நிற்பதில்லை, அதே வேகத்தில் முன் சீட்டில் போய் மோதுவார். அம்மா “எனக்கு எதுக்குப்பா” என்பார். மூச்சு முட்டுகிறது என்றால் தோள்பட்டை மேல் வருகிற மாதிரி சரிசெய்து கொடுங்கள். சின்னப் பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தைக்கு ஆகாது. மடியில் பிடித்துக்கொள்வேன் என்பதும் நடக்காது, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது 10 கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தப் பயில்வானாலும் முடியாது. சின்னவனுக்கு ஏற்ற குழந்தை சீட் ஒன்று வாங்கிப் பின்னால் மாட்டிவிடுங்கள்.

பழைய கார் என்றீர்கள். டயரைப் பார்த்தீர்களா? பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. டயர்மேல் இருக்கும் பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் அத்தனை பழையதென்றால் வெயிலில் ஓடும்போது நம்ப முடியாது, மாற்றிவிடுங்கள். காற்றைக் கிளம்பும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது பாருங்கள். ஐந்து பேர், லக்கேஜ் என்றால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். பிரேக், வைப்பர், விளக்கு எல்லாவற்றையும் ஒரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டால் மனசு நிம்மதி. மலைப் பக்கம் போகும் யோசனை இல்லை என்பதால் கொண்டை ஊசி வளைவு பற்றி ஒன்றே ஒன்று: ஏறி வருகிற வண்டிக்கு வழி, இறங்குகிறவர் காத்திருக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எந்த இறக்கத்திலும் நியூட்ரல் போடாதீர்கள். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையில் தொப்பூர் கணவாய்க்கு இவ்வளவு கெட்ட பெயர் வந்ததற்கு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாரத்தோடு நியூட்ரலில் இறங்கிய லாரிகளும் ஒரு காரணம்.

வழியில் வண்டி நின்றுபோனால் முடிந்தவரை சாலையை விட்டு இடதுபக்கம் இறக்கிவிடுங்கள். ஹசார்டு லைட் போடுங்கள். டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருக்கும், அதைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் போய் வையுங்கள். நம் ஆட்கள் பலர் கல்லையும் வேப்பங்கிளையையும் அடுக்குவார்கள். கிளை பரவாயில்லை, கல் வேண்டாம். வண்டி சரியானதும் அவர்கள் போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இரவில் அதில் ஏறி விழுவது பின்னால் வரும் ஏதோ ஒரு பைக்காரர். குடும்பத்தைக் காருக்குள் உட்காரவைக்காமல் இரும்புத் தடுப்புக்கு வெளியே தள்ளி நிற்கவையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இண்டிகேட்டர் போட்டு இடதுபக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். வழி விடாதவருக்கு இப்போது 10,000 ரூபாய் அபராதம், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கிறார்கள். அது போன வழியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். அதைவிட அசிங்கம் சாலையில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பழைய பயம் இனி தேவையில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவி செய்பவர் மேல் வழக்கு போட முடியாது என்கிறது, பெயரைச் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. யார், எந்த ஊர் என்ற கேள்வியில்லை.

நிறுத்திய பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. காரை விட்டு இறங்கும்போது டிரைவர் கதவை இடதுகையால் திறந்து பழகுங்கள். கை குறுக்கே வரும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிளோ பைக்கோ கண்ணில் படும். பின் சீட்டில் இடதுபக்கம் இருக்கும் பிள்ளைக்கு வலதுகை. அடுத்தவர் கேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். வேறு வழியில்லாமல் யாருக்காவது வழி மறித்து நிறுத்த நேர்ந்தால் கண்ணாடிக்குள் ஒரு தாளில் போன் நம்பரை எழுதி வையுங்கள். பெரிய கோபங்களை அந்தச் சின்னத் தாள் தணித்திருக்கிறது.

போன் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழிகாட்டும் மேப்பை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். யாராவது கூப்பிட்டால் அவரே பேசட்டும்.

கடைசியாக, பொங்கலுக்கு முந்தின நாள்தான் முதல்முறை நெடுஞ்சாலையில் ஏறுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குப் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு தாண்டும்வரை வண்டி நகராது, எல்லோருக்கும் பொறுமை போயிருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திண்டிவனம் வரை போய்வாருங்கள். தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். லேன் மாறுவது, லாரியைத் தாண்டுவது, மூன்று எண்ணுவது எல்லாம் கைக்கு வந்துவிடும். திண்டிவனத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு, பாலத்துக்கு அடியில் திரும்பி, பதினோரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதும் பரனூர் டோல்கேட்டில் அன்றைக்கே தெரிந்துவிடும். பழைய ஓனர் பெயரிலேயே அது இருந்தால் மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும்.